ஒரு தோட்டச் சங்கத்தின் ஓராண்டு

தனித்து நின்று ஒரு கமக்காரன் செய்யக்கூடியவை பல. செய்ய இயலாதவையும் சில உள. தன் தறையைக் கொத்துவதும், பாத்தி கட்டுவதும், களை பிடுங்குவதும் அவன் கையிலுள்ளன. ஆனால் அயற்கிணற்றின் நீர்மட்டமும், ஊர்க்குளத்திற் படிந்த சேறும், விதையோடு வரும் நோயும், சந்தையில் நிகழும் விலைவீழ்ச்சியும் அவனது வேலிக்கு அப்பாற்பட்டவை. இவற்றைக் கவனிப்பதற்கே தோட்டச் சங்கம் வேண்டப்படுகின்றது.

இலங்கையிற் கூட்டுறவு முயற்சி 1911ஆம் ஆண்டுச் சட்டத்தோடு முறைப்படி தொடங்கியது. கமக்காரர் அமைப்புகளுக்கு 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் இடமளிக்கின்றது. சட்டம் சங்கத்தைப் பதிவுசெய்ய உதவுமேயன்றி அதனை நடத்தித் தராது. பதிவுப் பத்திரத்தைக் கண்ணாடிச் சட்டத்திலிட்டு மாட்டிவிட்டு, ஆண்டுக்கொரு முறை தேநீர் அருந்திக் கலையும் சங்கங்களால் ஒரு பரப்புத் தறைக்கேனும் நன்மை விளையாது.

ஆகவே, நடக்கும் சங்கம் ஒன்றின் ஆண்டு எவ்வாறு கழியும் என்பதைக் காட்டுதல் இத்துண்டுப்பிரசுரத்தின் நோக்கமாகும். யாழ்ப்பாணக் குடாநாட்டில், வலிகாமத்துச் செம்மண் தறையில், 32 குடும்பங்கள் கூடிய சங்கம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். இது மாதிரிச் சங்கமே. பல ஊர்களிலும் நடப்பவை இங்கு ஓரிடத்திற் சேர்த்துக் கூறப்படுகின்றன. அங்கத்தவர் ஒவ்வொருவருக்கும் நான்கு முதற் பத்துப் பரப்பு வரை தோட்டக்காணி உண்டு. சிலருக்குத் தாழ்ந்த நிலத்தில் வயலும் உண்டு. கிணறுகள் 19.

ஆவணிப் பொதுக்கூட்டம்

இச்சங்கத்தின் ஆண்டு ஆவணியில் தொடங்குகின்றது. கோடைப் பயிர் முடிந்து, விதை வெங்காயம் கொட்டிலில் ஏறிவிட்டது. மழை இன்னும் தொடங்கவில்லை. ஆட்கள் ஓய்வாயிருக்கும் காலம் இதுவேயாம். தை மாதத்திற் பொதுக்கூட்டம் வைக்கும் சங்கங்களும் உண்டு. அப்பொழுது வயலில் அறுவடையும் தோட்டத்தில் இறைப்பும் நடைபெறுவதால், வேலையற்றவர் மாத்திரமே கூட்டத்துக்கு வருவர்; வேலையற்றவரே நிர்வாகிகளாகத் தெரிவுசெய்யவும் படுவர்.

கூட்டத்தில் மேசைமீது மூன்று புத்தகங்கள் வைக்கப்படுகின்றன. ஒன்று கணக்குப் புத்தகம். அது எல்லாச் சங்கங்களிலும் உள்ளது. மற்றை இரண்டுமே இங்கு கவனிக்கத்தக்கவை. விதைப் புத்தகத்தில், யார் எவ்வளவு விதை வெங்காயம் பெற்றார், எவ்வளவு திருப்பினார் என்பது எழுதப்பட்டிருக்கும். கிணற்றுப் புத்தகத்தில், ஒவ்வொரு கிணற்றின் கட்டிலிருந்து நீர்மட்டம் வரையுள்ள ஆழமும், நீரின் உப்புத்தன்மையும் பதினைந்து நாட்களுக்கு ஒரு முறை பதியப்பட்டிருக்கும். ஆழத்தை அளக்க அடிக்கு ஒரு முடிச்சிட்ட கயிறு போதும். உப்புத்தன்மைக்கு மின்கடத்துதிறன் அளக்கும் சிறு கருவி வேண்டும். ஊர் முழுவதற்கும் ஒன்றிருந்தாற் போதுமானது.

விதைக்கடனின் விதி எளியது. மார்கழியிற் பத்துக் கிலோகிராம் பெற்றவர் அடுத்த ஆடியிற் பன்னிரண்டு கிலோகிராம் கொடுத்தல் வேண்டும். கொடாதவருக்கு அவ்வாண்டு விதை இல்லை. இவ்வாவணியில் ஐவர் கொடாதிருந்தனர். நால்வர் பணமாகக் கட்ட உடன்பட்டனர். ஐந்தாமவர் கணவனை இழந்த பெண்மணி. 50 கிலோகிராம் பெற்றவர், 60 கொடுக்க வேண்டியவர். கணவரின் வைத்தியச் செலவுக்காக விதைக்கென்று எடுத்து வைத்ததையும் விற்றுவிட்டார். விதி விதியே என்றனர் ஒரு சாரார். அவருக்கு இவ்வாண்டு விதை கொடுக்காவிடின் பழைய கடனும் ஒருபோதும் திரும்பாது என்றனர் மற்றொரு சாரார். நெடுநேரம் வாதிட்டபின், மார்கழியில் 30 கிலோகிராம் மாத்திரம் கொடுப்பதென்றும், பழைய 60உம் புதிய 36உம் சேர்ந்து 96 கிலோகிராம் அவர் பெயரில் நிற்பதென்றும், அவரது தறைக்கு வாரம் ஒரு முறை அயலவர் ஒருவர் சென்று உதவுவதென்றும் தீர்மானிக்கப்பட்டது. தீர்மானம் கூட்டக் குறிப்பில் எழுதப்பட்டுக் கையொப்பமிடப்பட்டது. இரக்கம் காட்டிய சங்கங்கள் கெட்டதில்லை. காட்டிய இரக்கத்தை எழுதி வைக்காமையாற் கெட்டவையே பல. எழுதாவிடின், அடுத்த ஆண்டு கொடாதோர் தொகை பதினைந்தாகும்.

மாரி

புரட்டாசியில் முதல் வேலை சிரமதானம். குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் வடகீழ்ப் பருவமழையே ஆண்டு முழுவதற்கும் உரிய முதல். அம்மழைநீர் சுண்ணக்கல்லின் வெடிப்புகளூடாக இறங்கி நிலத்தடியிற் சேர்கின்றது. குளத்தின் சேற்றை வாரி, வரத்து வாய்க்காலைத் திறந்துவிட்டால் மழைநீர் அங்கே தங்கி ஊறும். இன்றேல் வீதியால் ஓடிக் கடலைச் சேரும். இரண்டு நாள் வேலையிற் சங்கத்தார் குளத்தின் ஒரு பகுதியையே வாரி முடித்தனர். எடுத்த சேறு வீணாகவில்லை. உலர்ந்தபின் கூட்டெருக் குழிகளுக்குச் சென்றது.

வெறுந்தறைகளில் இதே காலத்திற் சணல் விதைக்கப்பட்டது. பூக்கத் தொடங்கும் பருவத்தில், ஏறக்குறைய 45 முதல் 50 நாட்களில், அதனை உழுது மண்ணில் அமிழ்த்துதல் வேண்டும். பூ முதிர்ந்து தண்டு நார்ப்பட்டபின் உழுதால் அது உக்குவதற்குக் காலம் செல்லும். வெங்காயம் நடும் நாளும் தவறும். பூவரசு, முள்முருக்கு, கிளிசிரிடியா ஆகியவற்றின் குழையும், பழைய வேலியிற் பிரித்த பனையோலையும் கிடங்கிலிட்டுத் தாழ்க்கப்பட்டன. இவை முன்னோர் செய்த முறைகளே. 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, அவ்வாண்டு நவம்பரில் அத்தடை நீக்கப்படும் வரை கழிந்த மாதங்களில், எருக்குழி வைத்திருந்தவர் பட்ட பாட்டுக்கும் இல்லாதவர் பட்ட பாட்டுக்கும் இருந்த வேறுபாட்டைக் கமக்காரர் நன்கறிவர். ஆயினும் குழையும் எருவும் மாத்திரமே போதும் என்று கொள்வதும் தவறு. மண்ணைப் பரிசோதித்து, குறைவதை அளவோடு இடுதலே முறை. அளவுக்கு மிஞ்சி இட்ட யூரியாவைப் பயிர் உண்பதில்லை. அது இறைத்த நீரோடு இறங்கிக் கிணற்றையே அடைகின்றது. குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த அளவு. வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் இவ்வளவு மீறப்பட்டிருப்பது ஆராய்ச்சிகளிற் காணப்பட்டுள்ளது. இது கைக்குழந்தைகளுக்குப் பெருந்தீங்கு விளைப்பது. தோட்டக் கிணற்றிலேயே குடிநீர் அள்ளும் வீடுகள் இதனை மறத்தலாகாது.

வயலில் நெல் முளைத்துவிட்டது. அதனைப் பற்றி இங்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. கார்த்திகையில் நான்கு நாள் அடைமழை பெய்தது. வடிகால் வெட்டி மேடைப் பாத்தியில் மிளகாய் நட்டவர் தப்பினர். மட்டப் பாத்தியில் நட்டவரின் கன்றுகள் வேரழுகி மடிந்தன. வடிகால் எவர் காணியூடாகச் செல்வது என்னும் பழைய வழக்கும் ஒரு மாலை முழுவதையும் விழுங்கியது.

விதை வெங்காயம்

சின்னவெங்காயமே இவ்வூரின் உயிர். மாசி, பங்குனியில் எடுத்த வெங்காயத்தை அடுத்த மார்கழி வரை விதைக்கென வைத்திருத்தல் இயலாது. வாடியும் முளைத்தும் அழுகியும் வீணாகும். ஆகவே அதனை ஏறக்குறைய இரண்டு மாதம் ஆறவிட்டு, வைகாசியில் மீண்டும் நட்டு, ஆடியில் எடுத்த வெங்காயமே அடுத்த மாரிக்கு விதையாகின்றது. கோடைப் பயிர் தவறினால் மாரிப் பயிருக்கு விதையில்லை. வெளியூர் விதையை, கேட்ட விலை கொடுத்து, நோயோடு வாங்க நேரும்.

மார்கழி முதல் வாரத்திற் கொட்டில் திறக்கப்பட்டது. பிடி பிடியாகக் கட்டித் தூக்கிய வெங்காயத்தை இறக்கி, காரியதரிசியும் இரண்டு மூத்த அங்கத்தவரும் ஒவ்வொரு பிடியாகச் சோதித்தனர். கழுத்து மென்மையானவை, அழுகல் மணம் உள்ளவை, கரும்பூஞ்சணம் படிந்தவை ஆகியன விலக்கப்பட்டன. எட்டில் ஒரு பங்கு கழிந்தது. எஞ்சியது எல்லோருக்கும் போதவில்லை.

இவ்வேளையில் வியாபாரி ஒருவர் பாரவண்டியில் விதை கொண்டுவந்தார். விலை மலிவு, வெங்காயமும் பருமன். மூவர் வாங்கினர். அவ்விதை எந்தத் தோட்டத்தில் விளைந்தது என்பதை அவர்கள் வினவவில்லை. தை மாதப் பனிக்காலத்தில் அம்மூவரின் பாத்திகளிலும் இலைகள் முறுகித் திருகின, கழுத்து நீண்டது, கிழங்கு திரளவில்லை. வெங்காயத்தைத் திருகச் செய்யும் இந்நோய் ஒரு பங்கசினால் உண்டாவது. நோயுற்ற பயிரிலிருந்து எடுத்த விதையோடு அடுத்த தோட்டத்துக்குச் செல்வது. மழையிலும் பனியிலும் பாத்திக்குப் பாத்தி பரவுவது. நோயுற்ற செடிகளைப் பிடுங்கி எரித்தனர். அம்மூவரும் தம் இழப்போடு நிற்கவில்லை. காற்றின் வழியிலிருந்த இரண்டு தறைகளுக்கும் நோய் சென்றது. இதுவே வேலிக்கு அப்பாற்பட்ட காரியம் என முன்னர்க் கூறப்பட்டது.

விதை வாங்குவோர் கவனிக்க வேண்டியவை வருமாறு: விளைந்த தோட்டத்தை அறுவடைக்கு முன் கண்ணாற் கண்டு வாங்குதல் வேண்டும். திருகல் கண்ட தோட்டத்தின் வெங்காயம் எத்துணைப் பருமனாயினும் உணவுக்கே உரியது, விதைக்கன்று. நடுமுன் சிபார்சு செய்யப்பட்ட பங்கசுநாசினியில் விதையை நனைத்து, நிழலில் உலர்த்தி, பத்துச் சதமமீற்றர் இடைவெளியில் நடுதல் வேண்டும். நெருக்கி நட்டால் விளைவு கூடும் என்பது ஒரு மயக்கம். காற்றோட்டம் குறைந்து நோயே கூடும்.

சந்தை

1970 முதல் 1977 வரை மிளகாய், வெங்காயம் ஆகியவற்றின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்த காலத்திற் குடாநாட்டுக் கமக்காரர் நல்ல விலை பெற்றனர். கட்டுப்பாடு தளர்ந்தபின் அவ்விலை நிலைக்கவில்லை. அக்கால நினைவிலேயே இன்றும் எல்லோரும் ஒரே வாரத்தில் நட்டு, ஒரே வாரத்திற் கிண்டி, ஒரே காலையிற் சந்தைக்கு ஏற்றுகின்றனர். சங்கத்தார் இவ்வாண்டு திருவுளச்சீட்டுப் போட்டு, பத்து நாள் இடைவிட்டு மூன்று பிரிவாக நட்டனர். முதற் பிரிவினருக்கு மழைப்பயம் இருந்தது. கடைசிப் பிரிவினருக்கு இறைப்புச் செலவு கூடிற்று. யாருக்கும் முழுத் திருப்தி இல்லை. ஆயினும், அறுவடை ஒரே நாளிற் குவியவில்லை.

சந்தைகளில் நூறு கிலோகிராமுக்குப் பத்துக் கிலோகிராம் கழிவு பிடிக்கும் வழக்கம் கமக்காரரை நெடுங்காலமாக வருத்துவது. சங்கத்தார் தம் தராசிலே நிறுத்து, பெரிது சிறிது தரம் பிரித்து, பாரவண்டி நிறைய ஏற்றி, கழிவின்றி வாங்குவோருக்கே கொடுத்தனர். வண்டி நிறைந்த நாட்களில் இது செல்லுபடியாயிற்று. இரண்டு மூன்று மூடையோடு தனித்துச் சென்றவரிடம் கழிவு முன்போலவே பிடிக்கப்பட்டது.

கோடையும் கிணறும்

சித்திரை கழிந்து சோளகக் காற்று எழுந்ததும் சங்கத்தின் கடினமான காலம் தொடங்கிற்று. குடாநாட்டின் நிலத்தடியில் நன்னீர், உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓரடி உயர்ந்து நின்றால், அதன் கீழ் ஏறக்குறைய 40 அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்பது விதி. மேல்மட்டம் ஓரடி குறைந்தால், அடியிலுள்ள உவர்நீர் காலப்போக்கில் அதன் நாற்பது மடங்கு மேலேறப் பார்க்கும். ஓரிடத்தில் இடைவிடாது இறைத்தாலோ, அக்கிணற்றின் நேர்கீழே உவர்நீர் கூம்புபோல் எழும். துலா மிதித்துப் பட்டையால் இறைத்த காலத்தில் மனிதன் களைத்தபொழுது கிணறும் இளைப்பாறியது. இயந்திரம் களைப்பதில்லை.

வைகாசியில் நட்ட சங்கத்தின் விதைத்தோட்டத்துக்கு நீர் கொடுத்த கிணறு, நட்ட நாளில் 0.7 அளவில் நின்றது. (அலகு: மீற்றருக்கு டெசிசீமன்.) நீரின் அளவு 0.8ஐக் கடந்தால் வெங்காயத்தின் விளைவு குறையத் தொடங்கும். மிளகாய் ஏறக்குறைய 1.0 வரையும், பீற்றூட் 2.7 வரையும் தாங்கும். ஆனி நடுவில் அக்கிணறு 1.3ஐக் காட்டியது. இலை நுனிகள் கருகத் தொடங்கின. கயிற்றளவில் நீர்மட்டம் பெரிதாய் இறங்கவில்லை; ஆதலின் கயிறு மாத்திரம் வைத்திருந்தாற் காரணம் புலப்பட்டிராது.

அறுபது யார் தொலைவில் அங்கத்தவர் ஒருவர் புதிதாகப் பெரிய நீர்ப்பம்பி பூட்டி, பத்துப் பரப்பு வெங்காயத்துக்கு இரவில் ஆறு மணி நேரம் இடைவிடாது இறைத்துவந்தார். அவரிடம் குற்றங் கூறச் சென்றவர்கள் சண்டையோடு திரும்பினர். தம் கிணறு, தம் மின்சாரம், தம் தறை என்றார் அவர்; அதில் நியாயமும் இருந்தது. அடுத்த நாள் மாலை காரியதரிசி கிணற்றுப் புத்தகத்தோடு சென்றார். முதலில் அவருடைய கிணற்றின் பக்கத்தையே விரித்துக் காட்டினார். அது 0.8இலிருந்து 1.5 ஆகியிருந்தது. பயிர் பச்சைபிடியாமைக்கு யூரியாக் குறைவே காரணம் என எண்ணி, அவர் இருமுறை மேலதிகமாய் இட்டிருந்தார்! உடன்சென்ற முதியவர் ஒருவர், “தம்பி, உன்ரை பம்பி நிண்டால்தான் உன்ரை கிணறும் ஊறும், எங்கடையும் ஊறும்” என்று கூறி அமர்ந்தார். வேறெவரும் பேசவில்லை.

ஒழுங்கு இவ்வாறாயிற்று: காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம், இடையில் கிணற்றுக்கு ஓய்வு. இரண்டு கிணறுகளும் ஒரே வேளையில் இறைப்பதில்லை. சங்கத்தின் தூவல் நீர்ப்பாசனக் குழாய்த் தொகுதி அவருக்கு இரவலாகக் கொடுக்கப்பட்டது. வாய்க்கால் வழியே நீர் வீணாகாதவாறு நால்வர் ஒரு நாள் நின்று பாத்திகளைத் திருத்தி, வைக்கோலும் சருகும் பரப்பிக் கொடுத்தனர். அவர் இரண்டு வாரத்துக்கு மாத்திரம் உடன்பட்டார். இரண்டு வாரத்தின்பின் கேட்காமலே தொடர்ந்தார். அடுத்த ஆண்டு கிழக்குப் பாகத்து நான்கு பரப்பில் வெங்காயத்துக்குப் பதிலாகப் பீற்றூட் இடுவதாகவும் சொன்னார்.

உப்பேறிய கிணறு சில நாளில் நன்னீராகிவிடும் என எவரும் எதிர்பார்த்தலாகாது. விதைத்தோட்டக் கிணறு 1.3இலிருந்து ஆடி முற்பகுதியில் 1.0க்கு இறங்கி அங்கேயே நின்றது. எஞ்சியதை மாரிமழையே கழுவுதல் வேண்டும். அதுவும் குளம் வாரிய அளவைப் பொறுத்தது.

ஆடி

அறுவடைக்கு ஒரு வாரம் முன் இறைப்பு நிறுத்தப்பட்டது. இலைகள் சாய்ந்தபின், கிண்டிய வெங்காயத்தை வெயிலிற் பரப்பாது, இலையோடு நிழலில் உலர்த்திப் பிடி கட்டினர். சோளகக் காற்று இதற்கு நல்ல துணை. கொட்டிலின் மேற்குப் பக்கத் தட்டி கழற்றப்பட்டு, காற்று ஊடறுத்துச் செல்ல வழிசெய்யப்பட்டது. பிடிகள் ஒன்றோடொன்று முட்டாதவாறு தடிகளில் இடைவிட்டுத் தூக்கப்பட்டன. நிலத்தில் வைத்து எலிக்குக் கொடுத்த முந்திய ஆண்டின் தவறு மீண்டும் நிகழவில்லை.

உப்பினால் வெங்காயம் சிறுத்திருந்தது. விதைத்தோட்டத்தின் விளைவு சென்ற ஆண்டிலும் நாலிலொரு பங்கு குறைவு. சிறிய வெங்காயம் விதைக்கு ஆகாது என்பது இல்லை. நோயற்றதும் இறுகியதுமாயின் அது நடுவதற்கு உகந்ததே. ஆனால் எல்லோருக்கும் போதாது என்பது இப்பொழுதே தெரிந்துவிட்டது. ஆகவே, வரும் மார்கழியில் ஒவ்வொருவருக்கும் கேட்ட அளவிற் பாதியே கொடுப்பதென்றும், எஞ்சிய தறையிற் கரட், பீற்றூட், பயறு ஆகியவற்றை இடுவதென்றும் முன்கூட்டியே அறிவிக்கப்பட்டது. ஆடியில் அறிவித்தால் மாற்றுப் பயிரின் விதையைத் தேட நான்கு மாதம் உண்டு. மார்கழியில் அறிவித்தால் ஒரு நாளும் இல்லை.

கடன் திருப்பும் நாளிற் பெரும்பாலோர் முழுவதும் கொண்டுவந்தனர். திருகல் நோயால் இழந்த மூவரும் அரைவாசி கொடுத்து, தவணை கேட்டனர். மாலையில், எல்லோரும் சென்றபின், முன்னர்க் கூறிய பெண்மணி தம் மகனோடு சைக்கிளில் இரண்டு சாக்குக் கொணர்ந்தார். காரியதரிசி ஒவ்வொரு பிடியையும் மற்றவரின் வெங்காயத்தைப் போலவே சோதித்து, இரண்டைக் கழித்து, எஞ்சியதை நிறுத்தார். 58 கிலோகிராம் இருந்தது. விதைப் புத்தகத்தில் அவரது பெயருக்கு நேரே 58 வரவு என்றும், 38 நிலுவை என்றும் எழுதப்பட்டது. அவர் அதனை வாசித்துப் பார்த்துக் கையொப்பமிட்டார். கழிக்கப்பட்ட இரண்டு பிடிகளும் கறிக்கெனச் சாக்கில் அவரிடமே திருப்பிக் கொடுக்கப்பட்டன.